கனவான்கள் கூடி ஆலோசிக்கிறார்கள்

2016 டிசம்பர் கடைசியில் தென்கொரிய உள்துறை அமைச்சகம் தன் மக்களுக்கு ஒரு புத்தாண்டுப் பரிசு கொடுத்தது. வரைபடம். எந்த மாவட்டத்தில் நிலக்கரி, எங்கே சுண்ணாம்புக்கல் என்று நிலவியல் துறை படம் போடுமே, அந்த நேர்த்தியில், எந்த வட்டாரத்தில் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் எத்தனை பேர் என்று ஒருத்தி விடாமல் எண்ணி, ஊர்வாரியாகத் தரவரிசை போட்டு, ரோஜா நிறத்தில் தீட்டியிருந்தார்கள். நிறம் அடர்ந்தால் வளம். வெளுத்தால் வறட்சி. ஆண்கள் எங்கே எத்தனை பேர் என்ற விவரம் படத்தில் இல்லை. பிள்ளை பிறப்பதில் அவர்களுக்கும் ஏதோ ஒரு சிறு வேலை உண்டு என்று அமைச்சகத்துக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெண்கள் கொதித்தார்கள். என் கருப்பை அரசாங்கப் புறம்போக்கு இல்லை என்கிற பொருளில் பதாகை எழுதிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஒரே நாளில் படம் இணையத்திலிருந்து இறங்கியது. கனவான்களுக்குத்தான் கடைசி வரை விளங்கவில்லை. எவ்வளவு பாடுபட்டுத் திரட்டிய புள்ளிவிவரம்!

அவர்கள் பாட்டையும் பார்க்க வேண்டும் அல்லவா? 1960-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளை என்றிருந்த நாடு, 2018-ல் ஒன்றுக்குக் கீழே சரிந்து, 2023-ல் 0.72-ல் வந்து நின்றது. உலக நாடுகளிலேயே கடைசி. இதைத் தூக்கி நிறுத்த 2006 முதல் 2021 வரை 280 லட்சம் கோடி வான் செலவழித்ததாக அரசே கணக்குச் சொல்கிறது. ஆணையம் போட்டார்கள், ஐந்தாண்டுத் திட்டம் போட்டார்கள். சியோலுக்குப் பக்கத்துச் சோங்நாம் நகராட்சி 2023-ல் கல்யாணமாகாதவர்களை ஓட்டலில் கூட்டி, விருந்து வைத்து, மக்கள் வரிப்பணத்தில் ஜோடி சேர்த்தது. 2024 ஜூனில் அதிபர் யூன் சுக்-யோல் மக்கள்தொகை அவசரநிலை என்றே அறிவித்துவிட்டார். (அவசரநிலை அறிவிப்பதில் அவருக்கு இருந்த மோகம் அந்த டிசம்பரில்தான் முழுதாக வெளிப்பட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.)

இவ்வளவு செய்தும் பெறமாட்டேன் என்கிறாளே, என்ன திமிர்! கனவான்கள் கூடி ஆலோசித்தார்கள்.

2017 பிப்ரவரியில், கொரிய சுகாதார சமூக நல ஆய்வு நிறுவனத்தின் மூத்த ஆய்வாளர் ஒருவர் நோயைக் கண்டுபிடித்தார். நிறுவனம் அரசுப் பணத்தில் நடப்பது. நோய் என்னவென்றால், பெண்கள் அளவுக்கு மீறிப் படிக்கிறார்கள். படித்தவள் தன்னைவிடக் குறைந்தவனைக் கட்ட மறுக்கிறாள். வைத்தியம் இரண்டு. தேவைக்கு மேல் பட்டமும் வெளிநாட்டுப் படிப்பும் வைத்திருப்பவர்களுக்கு வேலைக்கு ஆள் எடுக்கும்போது கொஞ்சம் இடைஞ்சல் செய்யலாம். அடுத்து, தன்னைவிடக் குறைந்தவனைக் கட்டிக்கொள்வது உத்தமம் என்ற எண்ணத்தைப் பெண்கள் மனதில் ஊட்டும்படி கலைப்படைப்புகளைத் தயாரிக்கலாம். அதையும் வெறும் விளம்பரமாகச் செய்யாமல், கிட்டத்தட்ட சதி அளவுக்கு ரகசியமாக நடத்த வேண்டும். சதி என்று அவரேதான் எழுதினார். எழுதி, அச்சடித்து, கருத்தரங்கில் வந்தவர்களுக்கெல்லாம் விநியோகமும் செய்தார். ரகசியத்தை இந்த லட்சணத்தில் காப்பாற்றுகிற கூட்டத்திடம்தான் ஒரு நாட்டின் எதிர்காலம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கூச்சல் கிளம்பியதும் பொறுப்பிலிருந்து விலகினார், பாவம்.

ராத்திரி இரண்டு மணி வரை தமிழ் பேசும் கொரியத் தொடர்களைப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். மழையில் குடை பிடிக்கிறவன், குனிந்து ஷூ கயிறு கட்டிவிடுகிறவன், காதலிக்குக் காய்ச்சல் என்றதும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஓடிவருகிறவன். இந்தக் கதையில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்ற வரியை முதலில் அவன் நெற்றியில் ஒட்ட வேண்டும். 2019-ல் கொரியப் புள்ளியியல் துறை எடுத்த கணக்கு இது: கணவன், மனைவி இருவருமே சம்பாதிக்கிற வீட்டில், வீட்டு வேலைக்கு அவள் ஒரு நாளைக்கு 3 மணி 7 நிமிடம் செலவிடுகிறாள், அவன் 54 நிமிடம். அந்த 54 நிமிடத்தில் கஞ்சி காய்ச்சிய நேரம் எவ்வளவு என்று துறை பிரித்துச் சொல்லவில்லை.

ஆலோசனைக்குத் திரும்புவோம். 2024-ல் வரி, நிதி விவகாரங்களை ஆராயும் அரசு நிறுவனம் ஒன்றின் வெளியீட்டில் இன்னொரு மகத்தான யோசனை வந்தது. பெண் பிள்ளைகளை ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் முன்னதாகவே பள்ளியில் சேர்க்க வேண்டும். ஏன்? பெண்கள் சீக்கிரம் வளர்ந்துவிடுகிறார்கள். ஒரு வகுப்பு முன்னே பின்னே இருந்தால் கல்யாண வயதில் ஒருவர்மேல் ஒருவருக்கு ஈர்ப்புக் கூடும். ஐந்து வயதுக் குழந்தை, தோளைவிடப் பெரிய பையை மாட்டிக்கொண்டு முதல் நாள் பள்ளி வாசலில் நிற்கிறது. அதன் எழுத்து, கணக்கு, விளையாட்டு எதைப் பற்றியும் கவலையில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து எவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் பாடத்திட்டம். இப்படி யோசிக்கிறவனைத் தெருவில் கண்டால் தாய்மார்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவார்கள். அரசாங்கம் அவனுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறது.

அதே ஆண்டு சியோல் மாநகர மன்றத்தில் ஓர் உறுப்பினர், பெண்கள் இடுப்புத்தசையை இறுக்கும் உடற்பயிற்சி செய்தால் பிறப்பு விகிதம் கூடும் என்று கண்டறிந்தார். இன்னொரு உறுப்பினர் ஹான் ஆற்றுப் பாலங்களைப் பற்றிப் புள்ளிவிவரம் கேட்டு வாங்கிப் படித்தார். பாலத்தில் உயிரை மாய்க்க முயலும் ஆண்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. காரணம்? பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், சமூகம் பெண் ஆதிக்கத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. பாலத்தின் விளிம்பில் நிற்கிறவனின் கடன், அவனைப் பிழிந்த முதலாளி, பத்து வயதிலிருந்து நள்ளிரவு வரை உட்காரவைத்த டியூஷன் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கரையில் அலுவலகத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவள் பட்டாள். செத்தவனையும் மதிக்காமல், உயிரோடு இருக்கிறவளையும் மதிக்காமல் ஒரே அறிக்கையில் இரண்டு அவமானத்தைச் செய்து முடிப்பது லேசான காரியமில்லை.

சரி, இத்தனையும் தாண்டி ஒருத்தி மனமிரங்கிப் பிள்ளை உண்டாகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அரசு அவளை எப்படித் தாங்குகிறது தெரியுமா? சியோல் மாநகராட்சியின் கர்ப்பகால வழிகாட்டி ஒன்று 2021 ஜனவரியில் நாட்டுக்கே தெரியவந்தது. பிரசவத்துக்குப் போகுமுன் வீட்டில் செய்துவைக்க வேண்டியவை: குளிர்பதனப் பெட்டியில் பழையதை எறிந்துவிட்டு, வீட்டாருக்குப் பிடித்த தொடுகறி மூன்று நான்கு வகை செய்து வை. சமைக்கத் தெரியாத கணவனுக்குச் சூடாக்கிச் சாப்பிடும் உணவு வாங்கி வை. உள்ளாடை, காலுறை, சட்டை என்று வீட்டாருக்கு வேண்டிய துணிகளை எடுத்து அடுக்கி வை. பிள்ளை பெற்ற பிறகு தலைவிரிகோலமாகத் தெரியாமலிருக்க முடிக்கு ஒரு பட்டை வாங்கிக்கொள். கல்யாணத்துக்கு முன் போட்ட சிறிய உடையைக் கண்ணில் படும்படி மாட்டி வை; இன்னொரு வாய் சாப்பிடத் தோன்றும்போது அதைப் பார். வீட்டு வேலையைத் தள்ளிப்போடாதே, எடை கூடாது.

இதை எழுதியவருக்கு அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்றா தோன்றியிருக்கும்? வளர்ந்த குழந்தை ஒன்று காலுறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அழுதுவிடுமோ என்பதல்லவா முழுக் கவலையும்! பனிக்குடம் உடையும் வேளையில் அவள் மருத்துவமனைக்கு ஓடுவாளா, குழம்பைச் சூடாக்கும் விதத்தைச் சீட்டில் எழுதி ஒட்டுவாளா? கண்டனம் எழுந்தது, வழிகாட்டி காணாமல் போயிற்று. அதன்படி நடக்கிற வீடுகள் போகவில்லை.

இத்தனைக்கும், பெறாதே என்று இந்தப் பெண்களின் அம்மாக்களையும் பாட்டிகளையும் துரத்தியது இதே அரசாங்கம்தான். 1961-ல் பதவியைப் பிடித்த பார்க் சுங்-ஹீயின் ராணுவ ஆட்சி, கண்டபடி பெற்றால் பிச்சைதான் எடுப்பாய் என்று சுவரெல்லாம் எழுதியது. 1970-களில் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஆணுக்கு அடுக்குமாடி வீடு ஒதுக்கீட்டில் முன்னுரிமை. கருக்கலைப்பு 1953 குற்றவியல் சட்டப்படி அப்போது குற்றம். ஆனால் மாதவிலக்கைச் சீராக்குதல் என்று வேறு பெயர் வைத்து அதே வேலைக்கு அரசே பணம் கொடுத்தது. சட்டம் அவளைக் குற்றவாளி என்றது, திட்டம் அவளை மேசையில் படுக்கவைத்தது. 1983-லேயே பிறப்பு விகிதம் ஈடுசெய்யும் அளவுக்குக் கீழே போய்விட்டது. கனவான்கள் அதைக் கவனித்துக் குடும்பக் கட்டுப்பாட்டுக் கொள்கையைக் கைவிட்டது 1996-ல். பதின்மூன்று வருடம் கழித்து விழித்தவர்கள், இன்று அவசரம் அவசரம் என்று அடித்துக்கொள்கிறார்கள்.

பெறாதே என்று சொன்ன காலத்தில் அவளுக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள். ஹான் ஆற்று அதிசயம் என்று பொருளாதாரப் புத்தகங்கள் வாயூறும் வளர்ச்சியின் அடித்தளத்தில், நாட்டுப்புறத்திலிருந்து வந்து ஆலை விடுதியில் தங்கி, தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்பிய பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் இருந்தார்கள். துணி தைத்தார்கள், விக் பின்னினார்கள். இஞ்சோன் நகரத்துத் தோங்கில் துணியாலையின் பெண் தொழிலாளர்கள் 1972-ல் தங்கள் சங்கத்துக்கு ஒரு பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதைப் பொறுக்க முடியாத நிர்வாகமும் அதன் ஆண் அடியாட்களும் 1978 பிப்ரவரி 21 அன்று, வாக்களிக்க வந்த பெண்கள்மேல் வாளி வாளியாக மலத்தை வீசினார்கள். முகத்திலும் வாயிலும் அப்பினார்கள். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு வேலை போனது யாருக்கு? அந்தப் பெண்களில் 124 பேருக்கு. வேறெந்த ஆலையும் சேர்த்துக்கொள்ளக் கூடாதென்று கறுப்புப் பட்டியலும் சுற்றுக்குப் போனது.

அடுத்த ஆண்டு, ஒய்.ஹெச். என்ற விக் நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. அதன் பெண் தொழிலாளர்கள் சியோலில் எதிர்க்கட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 11 விடியுமுன் ஆயிரக்கணக்கில் போலீஸ் நுழைந்தது. கிம் கியோங்-சுக் என்ற இளம் தொழிலாளி செத்தார். அதைக் கண்டித்த எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங்-சாமை நாடாளுமன்றத்திலிருந்து நீக்கினார்கள். பூசானும் மாசானும் எரிந்தன. அக்டோபர் 26 அன்று பார்க் சுங்-ஹீ தன் உளவுத்துறைத் தலைவர் கையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். விக் பின்னிய பெண்கள் ஆட்டிய நாற்காலி அது. கொரிய ஜனநாயகத்தின் வரலாற்றை எழுதும்போது இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் சிறிய எழுத்தில் போடுவது வழக்கம்.

அமெரிக்கப் படைமுகாம்களைச் சுற்றி விடுதிகளில் அடைபட்ட பெண்களின் கதை அந்த எழுத்திலும் இல்லை. டாலர் ஈட்டித் தரும் தேசபக்தர்கள் என்று அதிகாரிகள் அவர்களுக்கு வகுப்பெடுத்தார்கள். பால்வினை நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பிடித்துப்போய் அடைத்தார்கள். ஜப்பானிய ராணுவம் தங்களைப் பாலியல் அடிமைகளாக்கியதை 1991-ல் கிம் ஹாக்-சுன் என்ற மூதாட்டி முகம் காட்டிச் சொன்னபோது நாடே கண்ணீர் விட்டது. சொந்த அரசு செய்ததற்கு அந்தக் கண்ணீர் வரவில்லை. அரசுதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் அதற்குள் செத்துப்போனவர்களுக்குத் தேசபக்திப் பதக்கம் எந்த முகவரிக்கு அனுப்புவது?

இதற்கிடையே வீட்டுக்குள் ஸ்கேன் வந்தது. குறைவாகப் பெறு என்று அரசு சொன்னது, பையனாகப் பெறு என்று மாமியார் சொன்னாள், இரண்டு கட்டளைக்கும் ஒரே விடை பெண்கருவை அழிப்பது. 1990 வெள்ளைக்குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்கமாட்டாள் என்று நம்பிக்கை. அவ்வருடம் 100 பெண் குழந்தைக்கு 116.5 ஆண் குழந்தை பிறந்தது. இன்றைக்கு, ஐயோ பெண் கிடைக்கவில்லையே என்று அதே பையன்களைப் பெற்றவர்கள் தரகரிடம் அழுகிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைகூட இதற்கு உறைபோடக் காணாது. அந்த ஓநாய் ஆட்டைத் தின்றுவிட்டு அழவில்லை.

பிழைத்து வந்தவள் படித்தாள். பையன்களைவிட அதிகமாகவே கல்லூரிக்குப் போனாள். வேலை கேட்டு வந்தாள். அரசுக்குச் சொந்தமான கொரிய எரிவாயுப் பாதுகாப்புக் கழகத்தில் 2015, 2016 ஆள்சேர்ப்பில், தேறிய பெண்களின் மதிப்பெண்ணைத் தலைவரே திருத்தவைத்து வெளியே தள்ளினார். பிரசவ விடுப்பில் போய்விடுவார்களாம், வேலை கெடுமாம். (நான்கு வருடச் சிறை கிடைத்தது, அவருக்கு லஞ்சக் கணக்கும் இருந்தது.) ஒரு அமைச்சகம் கருப்பையைத் தேடி வரைபடம் போடுகிறது, இன்னொரு அரசுக் கழகம் அதே கருப்பை இருக்கிறதென்று வேலையை மறுக்கிறது. இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, அம்மா நீ கொஞ்சம் வெளியே இரு, நாங்கள் பேசி முடிவு சொல்கிறோம் என்பதுதான் கொரிய மக்கள்தொகைக் கொள்கை. ஆண், பெண் சம்பள இடைவெளியில் ஓ.இ.சி.டி. நாடுகளில் கொரியா சேர்ந்த 1996 முதல் அதற்கே முதலிடம். சுமார் 30 சதவீதம்.

மாற்றம் வரவில்லை என்று சொன்னால் பொய். கணவன் செத்தால் பால்குடி மகன் அம்மாவுக்குக் குடும்பத் தலைவனாகிற சட்டம் ஒன்று அங்கே இருந்தது. நாற்பது, ஐம்பது வருடம் பெண்கள் முட்டி முட்டி 2005-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை வீழ்த்தியது, 2008-ல் மறைந்தது. அன்று நாடே அழியப்போகிறது என்று தெருவில் நின்றவர்கள் கன்ஃபூசிய மரபின் காவலர்கள். அந்த மரபின் தலைமைப் பீடமான சுங்கியுங்வான் 2022 செப்டம்பரில் பத்திரிகையாளர்களைக் கூட்டி ஓர் உண்மையைச் சொன்னது: சுசோக் பண்டிகையில் மூதாதையருக்குப் படைக்க, மருமகள்கள் விடியவிடிய அடுப்படியில் உட்கார்ந்து சுட்டெடுக்கும் ஜொன் பலகாரம் சடங்குக்குத் தேவையே இல்லை. எண்ணெயில் பொரித்ததைப் படைப்பது முறையல்ல என்று பழைய நூலிலேயே இருக்கிறதாம். கணவனின் பாட்டன்களுக்காக எத்தனை தலைமுறை மருமகள்களின் இடுப்பு ஒடிந்த பிறகு நூலைத் திறந்தீர்கள் ஐயா? அதுவரை பலகாரத்தைத் தின்றுகொண்டே வாசித்ததில் எண்ணெய்க் கறை பட்டு அந்தப் பக்கம் மட்டும் தெரியாமல் போயிற்றா?

நீதிமன்றங்களும் திறக்கத்தான் செய்கின்றன. 1964-ல் கிம்ஹேயில், 18 வயது சோய் மல்-ஜா தன்மேல் பாய்ந்தவனின் நாக்கைக் கடித்துத் துண்டாக்கினார். நீதிமன்றம் யாரை அதிகமாகத் தண்டித்தது என்று சொல்லவும் வேண்டுமா? உடலுக்குக் கொடுங்காயம் விளைவித்ததற்காக அவருக்குப் பத்து மாதம் சிறை, நிறுத்திவைப்பு. அவனுக்கு ஆறு மாதம், நிறுத்திவைப்பு. அதுவும் அத்துமீறி நுழைந்ததற்கும் மிரட்டியதற்கும். விசாரணையில், அவனையே கட்டிக்கொண்டால் என்ன என்றும் கேட்டார்கள். எழுபதுகளின் வயதில் அவர் மறுவிசாரணை கேட்டார், மறுத்தார்கள், விடாமல் மேலே போனார். 2025 செப்டம்பரில் பூசான் நீதிமன்றம், தற்காப்புதான், குற்றமில்லை என்றது. அவன் நாக்கில் போனது ஒன்றரை சென்டிமீட்டர். நீதியின் நாக்கு புரள 61 வருடம் ஆயிற்று.

இவ்வளவையும் பார்த்து வளர்ந்த பெண்களில் ஒரு சாரார், கல்யாணம் வேண்டாம், பிள்ளை வேண்டாம், காதல் வேண்டாம், படுக்கையும் வேண்டாம் என்று நான்கு மறுப்பு சொன்னார்கள். சிலர் தலைமுடியை ஒட்ட வெட்டி, ஒப்பனைப் பெட்டியை உடைத்துப் போட்டார்கள். எண்ணிக்கையில் அவர்கள் கொஞ்சம்தான். ஆனால் அதிர்ச்சி அடைந்த ஆண்களோ ஏராளம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வில்வித்தையில் மூன்று தங்கம் வென்ற ஆன் சானைப் பார்த்து, இந்த வீரர்கள் கவனித்தது அவர் முடி குட்டையாக இருந்ததை. அதே ஆண்டு ஜி.எஸ்.25 கடைகளின் விளம்பரத்தில் ஒரு கை இரண்டு விரலால் தொத்திறைச்சியைப் பிடிக்கும் படம். ஆண்குறியின் அளவைக் கேலி செய்யும் பெண்ணியச் சைகை அது என்று கூப்பாடு. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. விரலால் எதையும் பிடிக்காமல் விளம்பரம் எடுக்கும் கலையை அதற்குப் பிறகு கொரிய நிறுவனங்கள் பயின்றுவருகின்றன. பெண்களின் கழிவறையில் ஒளித்துவைத்த கேமராவும், பள்ளி மாணவியின் முகத்தை ஒட்டிச் செய்த போலி ஆபாசப் படமும் இவர்களை இப்படிக் கொதிக்கவைத்ததாகத் தகவல் இல்லை.

குறைந்தது பதினெட்டு மாதம் கட்டாய ராணுவ சேவை செய்கிற பையனின் ஆற்றாமை பொய்யில்லை. அவன் இளமையை எடுத்துக்கொண்டு, நெடுங்காலம் கைச்செலவுக்குக் காசு போட்டுத்தான் அனுப்பியது அரசு. ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியது எவள்? 2024-ல் தேர்வான நாடாளுமன்றத்தில்கூட 300 பேரில் 60 பேர்தான் பெண்கள். தாத்தா போட்ட விலங்குக்குத் தங்கையை அடிக்கச் சொல்லிக்கொடுப்பது பழைய அரசியல் வித்தை. யூன் சுக்-யோல் அதை வைத்துத்தான் 2022-ல் அதிபரானார். அவருடைய தேர்தல் வாக்குறுதி கொரிய எழுத்தில் ஏழே ஏழு: பெண்கள் குடும்ப அமைச்சகம் ஒழிப்பு. பெண்களுக்கு எதிராகக் கட்டமைப்பு சார்ந்த பாகுபாடு என்று இனி எதுவும் இல்லை என்றும் அருள்வாக்குச் சொன்னார். அமைச்சகத்தை ஒழிக்க முடியவில்லை. அமைச்சர் நாற்காலியைக் காலியாகப் போட்டுவைத்தார். 2024 டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டம் அறிவித்தார், ஆறு மணி நேரத்தில் அது கவிழ்ந்தது. அவரை இறக்கச் சொல்லி உறைபனியில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்ற கூட்டத்தில், பாட்டுக் கச்சேரிக்கு ஆட்டும் ஒளிக்கோலைப் பிடித்துக்கொண்டு திரண்டிருந்தவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த பெண்கள். அப்படிப் பாகுபாடே இல்லை என்று அவர் யாரைப் பார்த்துச் சொன்னாரோ, அதே பெண்கள்.

ஜனநாயகம் அவர்களுக்கு நன்றி செலுத்தியது. 2025 ஜூன் அதிபர் தேர்தலில் வேட்பாளர் எல்லோரும் ஆண்கள். தொலைக்காட்சி விவாத மேடையில், நாடு முழுக்கக் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, லீ ஜுன்-சொக் என்ற இளம் வேட்பாளர் பெண் உடம்பைப் பற்றிய ஒரு வக்கிர வன்சொல்லை எடுத்து உரக்கச் சொன்னார். மற்றவரை மடக்குவதற்காக மேற்கோள் காட்டினாராம். வாக்குச்சாவடிக்கு வெளியே எடுத்த கணிப்பில், இருபதுகளில் உள்ள ஆண்களிடம் அவருக்கே முதலிடம்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2024-ல் பிறப்பு விகிதம் 0.75 ஆகிவிட்டது. ஒன்பது ஆண்டுகளில் முதல் ஏற்றம். கனவான்கள் தங்கள் திட்டம் பலித்ததென்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். கோவிட் காலத்தில் தள்ளிப்போன கல்யாணங்கள் நடந்தன; 1990-களின் முதல் பாதியில் பிறந்தவர்கள், அவர்கள் எண்ணிக்கை சற்று அதிகம், முப்பதைத் தொட்டிருக்கிறார்கள். ஸ்கேனுக்குத் தப்பிப் பிறந்த அந்தப் பெண்கள்தான் இனி நாட்டைக் காப்பாற்ற வேண்டுமாம். சம்பளம் மட்டும் முப்பது சதவீதம் கம்மி.